காத்திருப்பை எங்கே வைப்பது? வெளிநாட்டுத் துணையோடு சேரும் விசா வழிகள்

கே-1 விசாவில் அமெரிக்காவில் இறங்குகிறவருக்கு அன்றிலிருந்தே 90 நாள் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும். அதற்குள் தன்னை அழைத்தவரையே திருமணம் செய்துகொள்ள வேண்டும். செய்த பிறகு க்ரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வரும் வரை தனியாக அனுமதி வாங்காமல் வேலைக்குப் போக முடியாது, நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்பவும் முடியாது. அதே விமானத்தில் இரண்டு வரிசை தள்ளி, சிஆர்-1 விசாவோடு இன்னொருவர் உட்கார்ந்திருக்கலாம். அவரும் அமெரிக்கத் துணையோடு சேரத்தான் போகிறார். ஆனால் குடிவரவுக் கவுன்ட்டரைத் தாண்டும்போதே அவர் நிரந்தரக் குடியிருப்பாளர் ஆகிவிடுவார். மறுநாளே வேலைக்குப் போகலாம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அடுத்த வாரமே ஊருக்கு வந்து திரும்பலாம்.

இருவருக்கும் என்ன வித்தியாசம்? ஒருவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே மனுப் போட்டார்கள், மற்றவருக்குக் கல்யாணம் முடிந்த பின் போட்டார்கள். அவ்வளவுதான்.

வெளிநாட்டில் இருக்கும் துணையோடு சேரப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றே: எந்த விசா சீக்கிரம் கிடைக்கும்? கேட்கத்தான் செய்வார்கள், பிரிந்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நீளம். ஆனால் விசா கையில் கிடைக்கும் நாளும், அங்கே வாழ்க்கை தொடங்கும் நாளும் ஒன்றாக இருப்பதில்லை. சில வழிகளில் விமானம் ஏறும் முன்பே, பிரிந்திருந்து காத்து முடித்துவிடுகிறோம். சில வழிகளில் ஏறிய பின், துணையின் பக்கத்திலேயே, கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறோம். மொத்தக் காத்திருப்பில் பெரிய லாபம் யாருக்கும் கிடைப்பதில்லை. எந்தக் காத்திருப்பு உங்களால் தாங்கக் கூடியது என்பதை முதலில் தீர்த்துக்கொண்டால், விசாவைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்த மாதிரி.

அமெரிக்கா: இரண்டு வாசல்கள்

இந்தக் குழப்பம் மிகத் தெளிவாகத் தெரிவது அமெரிக்க விதிகளில்தான், அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

கே-1 என்பது ஃபியான்சே விசா, அதாவது கல்யாணம் நிச்சயமாகி இன்னும் நடக்காதவருக்கானது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த 1970இல் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அழைப்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருக்க வேண்டும். க்ரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் இதைப் போட முடியாது. மனுப் போடுவதற்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் இருவரும் ஒரு முறையாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். வீடியோ காலில் ஐந்து வருடம் பேசியிருந்தாலும் அது சந்திப்பாகாது. கடுமையான இன்னல், சமூக வழக்கம் ஆகிய காரணங்களைச் சொல்லி விலக்கு கேட்கலாம். அதை நம்பித் திட்டம் போடுவது புத்திசாலித்தனம் இல்லை.

இன்னொரு வாசல், முதலில் திருமணத்தைச் சட்டப்படி முடித்துவிட்டு, கணவன் அல்லது மனைவியை அழைக்க ஐ-130 என்ற மனுப் போடுவது. மனு ஏற்கப்பட்டு, தூதரக நேர்காணல் முடிந்து கிடைக்கும் விசாவுக்கு, திருமணம் ஆகி 2 ஆண்டு நிறையவில்லை என்றால் சிஆர்-1 என்று பெயர், நிறைந்துவிட்டால் ஐஆர்-1. சிஆர் என்பதில் உள்ள ‘சி’ நிபந்தனையைக் குறிக்கிறது. போலித் திருமணங்களைத் தடுக்க 1986இல் வந்த சட்டத்தின்படி, புதுத் தம்பதிக்கு முதலில் 2 ஆண்டுக்கான கார்டுதான் தருவார்கள். அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து இன்னொரு மனுப் போட்டு நிபந்தனையை நீக்க வேண்டும். ஐஆர்-1 என்றால் நேராக 10 ஆண்டு கார்டு. இங்கே பார்ப்பது அமெரிக்காவுக்குள் நுழையும் நாளை, மனுப் போட்ட நாளை அல்ல. இரண்டாவது திருமண நாளுக்கு மூன்று வாரம் முன்பு விசா கைக்கு வந்தால், விசா செல்லுபடியாகும் காலத்தைப் பார்த்துக்கொண்டு, அந்தத் திருமண நாள் முடிந்த பின் விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. ஒரு மனு, அதற்கான கட்டணம், அதற்கான காத்திருப்பு எல்லாம் மிச்சம்.

கே-1 மலிவு என்று ஒரு பேச்சு பரவலாக இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் அது நிற்பதில்லை. 2024 ஏப்ரலில் வந்த கட்டணப்படி கே-1 மனுவுக்கு 675 டாலர், தூதரகத்தில் 265 டாலர். இதோடு நின்றால் மலிவுதான். ஆனால் கல்யாணத்துக்குப் பின் க்ரீன் கார்டு விண்ணப்பத்துக்கு 1,440 டாலர் கட்ட வேண்டும். மொத்தம் 2,380. இடைக்காலத்தில் வேலை செய்ய அனுமதி வேண்டுமென்றால் இன்னொரு 260, வெளியே போய்வர அனுமதி வேண்டுமென்றால் 630. திருமணம் முடித்துப் போகும் வழியில் மனுவுக்கு 675 (ஆன்லைனில் போட்டால் 625), விசாவுக்கு 325, ஸ்பான்சர் ஆவணங்களைப் பரிசீலிக்க 120, கார்டுக்கு 235. மொத்தம் 1,355க்குள் அடங்கிவிடும். கிட்டத்தட்ட ஆயிரம் டாலர் வித்தியாசம். இதில் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் மாதங்களின் சம்பளத்தை நான் சேர்க்கவே இல்லை.

குடியுரிமைக் கணக்கிலும் இதே கதைதான். அமெரிக்கக் குடிமகனின் துணையாகத் தொடர்ந்து சேர்ந்து வாழ்கிறவர், நிரந்தரக் குடியிருப்பாளராகி 3 ஆண்டுகளில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். மற்றவர்களுக்கு 5 ஆண்டு. சிஆர்-1இல் வந்தவருக்கு அந்தக் கடிகாரம் விமான நிலையத்தில் ஓடத் தொடங்குகிறது. கே-1இல் வந்தவருக்கு க்ரீன் கார்டு ஒப்புதல் ஆன நாளில்தான்.

அப்படியானால் கே-1 யாருக்கு? அதற்கும் ஆள் உண்டு, முக்கியமாக முந்தைய உறவில் பிறந்த, 18 வயதைத் தாண்டிய பிள்ளை இருப்பவர்களுக்கு. அமெரிக்கக் குடிமகன் தன் மனைவியின் பிள்ளைக்கு மனுப் போட வேண்டுமானால், அந்தப் பிள்ளைக்கு 18 வயது ஆகும் முன்பே இவர்கள் திருமணம் நடந்திருக்க வேண்டும். 19 வயதில் ஒரு மகள் இருக்கும்போது அவசரப்பட்டுத் திருமணம் முடித்தால், மனைவிக்கு வழி திறக்கும், மகளுக்கு மூடிவிடும். கே-1 வழியில் 21 வயதுக்கு உட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகள் கே-2 என்ற துணை விசாவில் கூடவே போகலாம். கணவன் அல்லது மனைவி வழியில் பிள்ளைகளுக்குத் துணை விசா என்று ஒன்று கிடையாது, ஒவ்வொருவருக்கும் தனி மனுப் போட வேண்டும். இது தெரியாமல் பதிவு அலுவலகத்துக்குப் போகிறவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. ஒரு கையெழுத்தில் நடப்பது, பிறகு எந்த வக்கீலாலும் திருப்ப முடியாதது.

சொந்த நாட்டில் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளவே முடியாத ஜோடிகளுக்கும் கே-1 பயன்படும். 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்த பிறகு, குடிவரவு விஷயத்தில் ஒரே பாலினத் தம்பதிகளுக்கும் அதே விதிகள்தான். மூன்றாவது நாட்டில் திருமணம் செய்துகொண்டு ஐ-130 போடுவதும் அவர்களுக்கு ஒரு வழி. விசாவும் விமானச் செலவும் ஒத்துவர வேண்டும்.

கே-1க்கும் கணவன்-மனைவி வழிக்கும் நடுவில் கால் வைத்து விழுகிறவர்கள் தனி ரகம். வீட்டாரின் மன நிம்மதிக்காகச் சடங்கு முறையில் கல்யாணத்தை முடித்துவிடுவார்கள், பதிவை மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைப்பார்கள், பிறகு கே-1 போடுவார்கள். நேர்காணலில் புகைப்படங்களைப் பார்க்கும் அதிகாரி, இவர்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, ஃபியான்சே விசாவுக்குத் தகுதியில்லை என்று முடிவுசெய்யலாம். கணவன்-மனைவி மனுவாகப் போடலாம் என்று திரும்பினால், கையில் சட்டப்படியான சான்றிதழ் இல்லை. சடங்கே போதுமான திருமணமா, பதிவும் வேண்டுமா என்பதை அந்தத் திருமணம் நடந்த இடத்தின் சட்டம்தான் தீர்மானிக்கிறது. ஆக, ஒன்று முழுதாகக் கல்யாணம் ஆனவராக இருங்கள், இல்லையென்றால் முழுதாக ஆகாதவராக இருங்கள்.

ஆன்லைன் திருமணத்துக்கும் இதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் யூட்டா கவுண்டி அலுவலகம் வீடியோ வழியாகத் திருமணம் நடத்திச் சான்றிதழ் தருகிறது. சான்றிதழ் உண்மையானதுதான். ஆனால் இருவரும் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த திருமணம், அதற்குப் பிறகு அவர்கள் நேரில் சேர்ந்து இல்லறம் தொடங்கினால் மட்டுமே குடிவரவுச் சட்டத்தில் செல்லும். முன்பு சந்தித்திருந்தது கணக்கில் வராது. கனடா இன்னும் கறார்: தொலைபேசி, இணையம் வழியாகவோ ஆள் மாற்றாகவோ நடந்த திருமணங்களை 2015 ஜூனிலிருந்து பொதுவாக ஏற்பதில்லை.

க்ரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவரைத் திருமணம் செய்கிறவர்களுக்கு எஃப்2ஏ என்ற வரிசை. அதில் ஆண்டுக்கு இத்தனை விசாதான் என்ற வரம்பு உண்டு, தன் முறை வந்துவிட்டதா என்று மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டினைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இடையில் அழைப்பவர் குடியுரிமை பெற்றுவிட்டால் மனு தானாக வரம்பில்லாத பிரிவுக்கு மாறும். ஆனால் அப்போது பிள்ளைகள் அம்மா அல்லது அப்பாவின் மனுவோடு ஒட்டிக்கொண்டு வரும் உரிமை போய்விடும், அவர்களுக்கென்று தனி மனு வேண்டும். கே-3 என்று ஒரு விசாவும் புத்தகத்தில் இருக்கிறது. கணவன்-மனைவி பிரிந்து காத்திருக்கும் காலத்தைக் குறைக்க 2000இல் கொண்டுவந்தது. நடைமுறையில் ஐ-130 முதலில் முடிந்துவிடுவதால் இன்று அது பெயரளவில்தான் உயிரோடு இருக்கிறது, அதில் நேரம் செலவிட வேண்டாம்.

விசிட்டர் விசா என்ற குறுக்குவழி

"டூரிஸ்ட் விசாவில் போ, அங்கேயே கல்யாணம் பண்ணிக்கோ, அப்புறம் பார்த்துக்கலாம்." இந்த அறிவுரையைச் சொல்லாத சொந்தக்காரர் இருக்க மாட்டார். சொல்கிறவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அமெரிக்காவைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. முறையாக நுழைந்து, பிறகு அமெரிக்கக் குடிமகனைத் திருமணம் செய்தவர், விசாக் காலம் தாண்டியிருந்தாலும் உள்ளேயே க்ரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் நுழையும்போதே குடியேறும் எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு, சுற்றிப் பார்க்க வந்தேன் என்று அதிகாரியிடம் சொல்லியிருந்தால், அது தவறான தகவல் தந்து அனுமதி பெற்றது ஆகும். அதற்கான தடை வாழ்நாள் தடை. விலக்கு கேட்டுத்தான் வெளியே வர வேண்டும். நுழைந்த 90 நாட்களுக்குள் விசாவுக்குப் பொருந்தாத காரியத்தில் இறங்கினால் பொய் சொல்லியிருக்கலாம் என்று ஊகிக்க, அமெரிக்க வெளியுறவுத் துறையின் கையேடு தன் அதிகாரிகளுக்கு இடம் கொடுக்கிறது. 91ஆம் நாள் கல்யாணம் செய்தால் தப்பிக்கலாம் என்று இதைச் சிலர் புரிந்துகொள்கிறார்கள். அப்படி ஒரு பாதுகாப்பு எங்கும் எழுதப்படவில்லை.

இன்னொரு கண்ணியும் உண்டு. உள்ளே காலம் தாண்டித் தங்கியவர், விண்ணப்பிக்காமல் வெளியேறினால் அப்போதுதான் கதவு மூடும். 180 நாளுக்கு மேல் தாண்டியிருந்தால் 3 ஆண்டு, ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 ஆண்டு திரும்ப வர முடியாது. 1996இல் வந்த சட்டம் இது.

பிரிட்டனில் இந்தக் குறுக்குவழியே கிடையாது. விசிட்டராக வந்தவர் உள்ளே இருந்தபடி துணை விசாவுக்கு மாற முடியாது. அங்கே ‘மேரேஜ் விசிட்டர்’ என்று ஒரு விசா இருப்பது வேறு குழப்பம். பெயரைப் பார்த்து அதுதான் தனக்கானது என்று நினைப்பவர்கள் உண்டு. அது பிரிட்டனில் கல்யாணம் செய்துவிட்டு 6 மாதத்துக்குள் கிளம்பிப் போகிறவர்களுக்கானது. ஆஸ்திரேலியாவில் விசிட்டராக வந்தவர் உள்ளேயே துணை விசா போட முடியும். ஆனால் பல விசிட்டர் விசாக்களில் 8503 என்ற நிபந்தனையைச் சேர்த்துவிடுகிறார்கள். அது இருந்தால் பெரும்பாலான வேறு விசாக்களுக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்க முடியாது. விசாக் கடிதத்தில் அந்த நான்கு இலக்கம் இருக்கிறதா என்று டிக்கெட் போடும் முன் பார்ப்பது நல்லது.

பிரிட்டன்: சம்பளச் சீட்டுதான் விசா

1997 வரை பிரிட்டனில் ஒரு விதி இருந்தது. தன் திருமணத்தின் முதன்மை நோக்கம் பிரிட்டனுக்குள் நுழைவது அல்ல என்று விண்ணப்பிப்பவரே நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை எப்படி நிரூபிப்பது? தெற்காசியத் தம்பதிகள் ஏராளமாகப் பிரித்துவைக்கப்பட்ட விதி அது. அன்றைய தொழிற்கட்சி அரசு பதவிக்கு வந்த வேகத்தில் அதை நீக்கியது. இன்று நோக்கத்தைவிட வருமானம்தான் அங்கே பெரிய தடுப்பு. 2012 ஜூலையில் ஆண்டுக்கு 18,600 பவுண்டு என்று வைத்த குறைந்தபட்ச வருமானம், 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 பவுண்டு ஆனது.

இந்த 29,000 யாருடைய வருமானம் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது பிரிட்டனில் இருப்பவரின் சம்பளம்தான் எண்ணப்படும். வரப்போகிறவர் தன் நாட்டில் எவ்வளவு பெரிய வேலையில் இருந்தாலும் அந்தச் சம்பளம் கணக்கில் வராது. மாமனார் பொறுப்பேற்கிறேன் என்று எழுதிக்கொடுப்பதும் பொதுவாகச் செல்லாது. அமெரிக்காவில் வருமானம் போதவில்லை என்றால் இன்னொருவரைக் கூட்டு ஸ்பான்சராகச் சேர்க்கலாம். பிரிட்டனில் அந்தக் கதவு இல்லை, சேமிப்பு உதவும். வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு, 6 மாதம் கையிருப்பில் இருந்திருக்க வேண்டும்.

ஃபியான்சே விசா அங்கேயும் இருக்கிறது. 6 மாதம். வேலை செய்யக் கூடாது. அதற்குள் திருமணம் முடித்து, மறுபடி முழுக் கட்டணம் கட்டித் துணை விசாவுக்கு மாற வேண்டும். நிரந்தர உரிமைக்கான 5 ஆண்டுக் கணக்கில் அந்த ஃபியான்சே மாதங்கள் சேராது. திருமணம் முடித்துவிட்டு வருகிறவருக்கு நேராக 33 மாத விசா, வேலை உரிமையோடு. அதோடு சுகாதாரக் கட்டணம் என்று ஆண்டுக்கு 1,035 பவுண்டு, அந்த 33 மாதத்துக்கு மொத்தமாக 3,105, விண்ணப்பத்தோடேயே கட்ட வேண்டும். பிரிட்டனில் கல்யாணம் நடத்தியே ஆக வேண்டும் என்ற ஆசையைத் தவிர, ஃபியான்சே விசாவைத் தேர்ந்தெடுக்க எனக்கு வலுவான காரணம் தெரியவில்லை.

கனடாவும் ஆஸ்திரேலியாவும்

கனடாவில் ஃபியான்சே விசா என்பதே இல்லை. 2002இல் புதிய குடிவரவுச் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். பொதுவாகக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், அல்லது குறைந்தது ஒரு வருடம் தொடர்ந்து சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். கியூபெக் நீங்கலாக மற்ற இடங்களில், துணையை மட்டும் ஸ்பான்சர் செய்ய வருமான வரம்பு பெரும்பாலும் இல்லை. பிரிட்டிஷ் விதியைப் படித்துவிட்டு இதைப் படித்தால் நம்பவே முடியாது. அங்கே கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது: கனடாவுக்கு உள்ளே இருந்து போடுவதா, வெளியே இருந்தா?

உள்ளே இருந்து போட்டால் துணையோடு இருக்கலாம், வேலை அனுமதிக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் மனு நிராகரிக்கப்பட்டால் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை இல்லை. இடையில் ஊருக்குப் போய்த் திரும்ப நுழைய முடியாமல் போனால் மனுவே விழுந்துவிடும். வெளியே இருந்து போடும் பிரிவில் அந்த மேல்முறையீட்டு உரிமை உண்டு. அதனால் கனடாவுக்குள் சட்டப்படி இருப்பவர்களே ‘வெளியே’ பிரிவில் போடுவதும் உண்டு, விதி அதைத் தடுப்பதில்லை. அப்பா அம்மாவைப் பார்க்க அடிக்கடி போய்வர வேண்டியவருக்கு, திரும்ப நுழைய முடியாவிட்டால் மனு விழும் என்ற அந்த ஒரே காரணம் போதும் எது வேண்டும் என்று முடிவு செய்ய.

கனடாவில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய விதி ஒன்று இருக்கிறது. ஒருவர் தானே பிஆர், அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெறும்போது தன் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ படிவத்தில் சொல்லாமல் விட்டால், பிறகு அவர்களைக் குடும்பப் பிரிவில் ஸ்பான்சர் செய்ய முடியாது. "தனி ஆளாகக் காட்டினால் சுலபம், கல்யாணத்தை அப்புறம் சொல்லிக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னதைக் கேட்டவர்கள் வருடக்கணக்கில் இதில் மாட்டியிருக்கிறார்கள். 2019இலிருந்து சிலருக்குத் தளர்வு கொண்டுவந்தார்கள், ஆனால் விதி விதியாகவே இருக்கிறது. அதோடு, துணையாக ஸ்பான்சர் ஆகி வந்தவர் 5 ஆண்டு ஆகும் முன் இன்னொரு துணையை ஸ்பான்சர் செய்ய முடியாது.

ஆஸ்திரேலியாவில் ஃபியான்சே விசாவின் எண் 300. 9 முதல் 15 மாதம் வரை தருகிறார்கள், அதில் வேலையும் செய்யலாம். அந்த ஒன்றே அமெரிக்க, பிரிட்டிஷ் ஃபியான்சே விசாக்களிலிருந்து இதை வேறுபடுத்துகிறது. திருமணம் முடிந்ததும் 820 என்ற துணை விசாவுக்கு மாற வேண்டும். துணை விசாக் கட்டணம் 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். 300இல் வந்தவருக்கு இரண்டாவது கட்டணத்தில் சலுகை உண்டு. திருமணம் ஆகாத ஜோடிகள் 12 மாதம் துணைகளாக வாழ்ந்ததைக் காட்ட வேண்டும், ஆனால் உறவைப் பதிவு செய்ய அனுமதிக்கும் மாநிலங்களில் பதிவு செய்துவிட்டால் அந்த 12 மாத நிபந்தனை விலகிவிடும்.

இந்தச் ‘சேர்ந்து வாழ்ந்த காலம்’ என்ற நிபந்தனையில் ஒரு முட்டை-கோழிச் சிக்கல் இருக்கிறது. சேர்ந்து வாழ விசா வேண்டும், விசாவுக்குச் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். மாணவர் விசா, வேலை விசா, இருவருக்கும் விசா கிடைக்கும் மூன்றாவது நாடு என்று ஏதோ ஒரு வழியில் அந்த வருடத்தைக் கடக்கிறார்கள். அமெரிக்காவில் இந்த உறவுக்குப் பெரும்பாலும் மதிப்பே இல்லை. பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் திருமணமோ ஃபியான்சே மனுவோ இல்லாமல் துணை விசா கிடைக்காது.

ஐரோப்பாவின் விசித்திரம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பெர்லினில் வாழும் ஜெர்மானியரைத் திருமணம் செய்தால் ஜெர்மன் விதி: பொதுவாக விசாவுக்கு முன்பே ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற ஆரம்ப நிலைத் தேர்ச்சி காட்ட வேண்டும். 2007இல் வந்தது. அதே பெர்லினில் வாழும் பிரெஞ்சுக்காரரைத் திருமணம் செய்தால் ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு உத்தரவு: மொழித் தேர்வு இல்லை, விசாவுக்குக் கட்டணம் இல்லை, விரைவாகத் தர வேண்டும் என்று விதியே சொல்கிறது. சொந்த நாட்டில் வாழும் குடிமகனைவிட, பக்கத்து நாட்டிலிருந்து வந்தவருக்கு அதிகக் குடும்ப உரிமை.

இதிலிருந்து பிறந்ததுதான் சுரிந்தர் சிங் வழி. ஓர் இந்தியர், பிரிட்டிஷ் மனைவியோடு ஜெர்மனியில் வேலை செய்துவிட்டு பிரிட்டன் திரும்பினார். ஒன்றியத்தின் இன்னொரு நாட்டில் வேலை செய்துவிட்டுத் திரும்பும் குடிமகளின் துணைக்கும் அந்த ஒன்றிய உரிமை உண்டு என்று 1992இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் அங்கே இனி இந்த வழி இல்லை. மற்ற உறுப்பு நாடுகளில் இன்றும் செல்லும். டென்மார்க்கில் 2002 முதல் துணையை அழைக்க இருவருக்கும் பொதுவாக 24 வயது ஆகியிருக்க வேண்டும் என்று விதி. அதன் பிறகு எத்தனையோ டேனிஷ் ஜோடிகள் பாலம் தாண்டி ஸ்வீடனின் மால்மோவில் குடியேறி, தினமும் கோபன்ஹேகனுக்கு வேலைக்குப் போய்வந்தார்கள். அதே டென்மார்க், வெளிநாட்டு ஜோடிகள் வந்து குறைந்த காகிதங்களோடு கல்யாணம் மட்டும் செய்துவிட்டுப் போக மிகச் சுலபமான நாடுகளில் ஒன்று. கல்யாணம் செய்துகொள்ள வாருங்கள், குடியிருக்க வேண்டாம் என்கிறார்கள் போல.

இடையில் உடைந்தால்

கல்யாணப் பேச்சு நடக்கும்போது யாரும் கேட்க விரும்பாத கேள்வி இது. ஆனால் வழியைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில்தான் கேட்க முடியும், பிறகு கேட்டுப் பயனில்லை.

மிகப் பலவீனமான நிலையில் இருப்பவர் ஃபியான்சே விசாவில் போய், இன்னும் கல்யாணம் ஆகாதவர். கே-1இல் போனவர் மனுப் போட்டவரைத் தவிர வேறு யாரைத் திருமணம் செய்தாலும் அதை வைத்து உள்ளேயே க்ரீன் கார்டு பெற முடியாது. 90 நாளில் கல்யாணம் நடக்கவில்லை என்றால் கிளம்ப வேண்டியதுதான். கொடுமைக்கு ஆளாகும் மனைவியோ கணவனோ, அழைத்தவரின் தயவில்லாமல் தானே மனுப் போட 1994ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் வழி செய்தது. பிரிட்டனிலும் குடும்ப வன்முறைக்கு ஆளான துணைக்குத் தனியாக நிரந்தர உரிமை கேட்கும் ஏற்பாடு உண்டு. இரண்டும் ஏற்கெனவே துணையாகிவிட்டவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஃபியான்சேயாக மட்டும் இருப்பவருக்கு அந்தக் குடை கிடையாது. கனடா 2012இல் புதிய துணைகளுக்கு 2 ஆண்டு நிபந்தனை பிஆர் கொண்டுவந்து, அது கொடுமையான உறவில் ஆட்களைக் கட்டிப்போடுகிறது என்ற விமர்சனத்துக்குப் பிறகு 2017 ஏப்ரலில் கைவிட்டது. இன்று அங்கே இறங்கும் துணைக்கு முதல் நாளே முழு பிஆர்.

அதனால் படிப்பும் வேலை அனுபவமும் இருக்கிறவர்கள், துணை வழிக்கு முன்னால் தன் சொந்தத் தகுதியில் கிடைக்கும் வேலை விசா அல்லது பிஆர் வழியையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது நடக்கக்கூடிய காரியம். சொந்தக் காலில் வந்தவரின் விசா, வீட்டுச் சண்டையில் பேச்சுப் பொருளாக வராது. அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கலை நம்பி உறவைத் தள்ளிவைப்பது அவ்வளவு நடைமுறை இல்லை.

இதுவரை போகிறவரைப் பற்றியே பேசினோம். அழைக்கிறவர் கையெழுத்திடும் காகிதம் ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் ஐ-864 என்ற படிவத்தில், வருகிறவரை வறுமைக்கோட்டு வருமானத்தின் 125 சதவீதத்துக்குக் கீழே போகவிடாமல் தாங்குவேன் என்று ஸ்பான்சர் அரசோடு ஒப்பந்தம் செய்கிறார். ஃபியான்சே வழியில் நேர்காணலுக்கு லேசான வேறொரு படிவம் போதும் என்றாலும், க்ரீன் கார்டுக்குப் போகும்போது இதே ஐ-864 வந்துவிடும். வந்தவர் குடியுரிமை பெறும் வரை, அல்லது சுமார் 10 ஆண்டு வேலைக்கான 40 காலாண்டுக் கணக்கு சேரும் வரை, அல்லது குடியிருப்பு உரிமையை விட்டுவிட்டு நாட்டை விட்டுப் போகும் வரை, அல்லது இருவரில் ஒருவர் இறக்கும் வரை அது உயிரோடு இருக்கும். விவாகரத்து அந்தப் பட்டியலில் இல்லை. முன்னாள் துணை அந்தக் காகிதத்தை வைத்து வழக்குப் போட்டுப் பணம் வாங்கலாம், வாங்கியும் இருக்கிறார்கள். வருமானம் போதாமல் கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்திட்ட அண்ணனுக்கும் நண்பருக்கும் இதே பொறுப்புதான். அவர்களிடம் பேனாவைக் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்.